காணாமல் போனதாகச் சொல்லப்படும் ஐம்பத்தெட்டு கிலோ

அனுப்புநர்
பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி,
தையல் கடை,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், கடைசி வீடு.

பெறுநர்
மண்டல அதிகாரி அவர்கள்,
பயிர் அனுமதி அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: சொந்த உபயோகத்துக்காக வீட்டில் வளர்த்த புகையிலையைப் பச்சையாக எடை போட்டுவிட்டு, அது காய்ந்து எடை குறைந்ததற்காக என் கணவர் மீது கடத்தல் குற்றம் சாட்டியது – குற்றச்சாட்டை நீக்கி, அதைப் பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஆய்வாளரின் முதல் எடைச் சீட்டு. 2. அதே ஆய்வாளரின் இரண்டாம் எடைச் சீட்டு. 3. தங்கள் அலுவலகம் அனுப்பிய விளக்கம் கேட்கும் அறிவிப்பு. 4. இதே பொருள் குறித்து நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் நான்காவது மனு. முதல் மூன்றையும் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். அந்தத் தாழ்மையால் எந்தப் பயனும் விளையவில்லை. ஆகவே இம்முறை தங்கள் பதவிக்கு உரிய மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டு, தாழ்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு எழுதுகிறேன். எழுத்து சில இடங்களில் அழுத்தமாக விழுந்திருந்தால் அதற்குப் பேனா காரணம் அல்ல.

1. என் கணவர் பதினோரு ஆண்டுகளாக ஒரே பள்ளியில் வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் அவரை 'வேன் மாமா' என்று அழைப்பார்கள். அவருக்குப் புகை பிடிக்கும் பழக்கம் உண்டு. வேனில் கிடையாது, பள்ளி வாசலில் கிடையாது. காலை வண்டி எடுக்கும் முன் ஒன்று, இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. எனக்கு அந்த வாடையே ஆகாது. விடச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, எரிக்கத்தான் போகிறார் என்றால் என்னவென்று தெரிந்த இலையையாவது எரிக்கட்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகத்தில் சொந்த உபயோக அனுமதி வாங்கினோம். புகைப்பவர் அவர் என்பதால் அனுமதி அவர் பெயரில் இருக்கிறது. விதைப்பது, நாற்று விடுவது, பறிப்பது, கோப்பது, காய வைப்பது, பதப்படுத்துவது எல்லாம் நான். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் களைக்கும் சேர்த்து ஊற்றிவிட்டு வரும் மனிதர் அவர். இந்த ஒரு விஷயத்தைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். ஏனெனில் தங்கள் அறிவிப்பு அவரை "திட்டமிட்டுச் செயல்பட்டவர்" என்கிறது.

2. அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. எண்பது செடிகளுக்கு மேல் நடக் கூடாது. "பதப்படுத்திய இலை" பத்து கிலோவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நான் இந்த ஆண்டு நட்டது எழுபத்தாறு செடிகள். சென்ற ஆண்டு முழு அறுவடையும் காய்ந்து இறங்கிய பிறகு எட்டு கிலோ எழுநூறு கிராம். அதை எடை போட்டு எழுதியதும் தங்கள் அலுவலகமே. அப்போது வந்தவர் பழைய ஆய்வாளர். இலை காய்ந்து, இறக்கி, கட்டு கட்டிய பிறகுதான் வருவார், எடை போடுவார், ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார், போய்விடுவார். அவர் ஓய்வு பெற்றதில் அலுவலகத்துக்கு என்ன நஷ்டமோ எனக்குத் தெரியாது. எனக்கு வந்த நஷ்டம்தான் இந்த மனு.

3. மேலே போகும் முன் புகையிலையைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. புகையிலைக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கே புகையிலையைப் பற்றி எழுதுவது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டதன் பலனை அனுபவித்துவிட்டேன்.

இலையை ஒரே நாளில் பறிப்பதில்லை. அடி இலைதான் முதலில் முதிரும்; நிறம் வெளுத்து, ஓரம் கீழ்ப்பக்கமாக வளையும். ஆகவே அடியிலிருந்து மேலாக, இடைவெளி விட்டு, மூன்று தடவையாகப் பறிக்க வேண்டும். பறிக்கும்போது கையில் ஒட்டும் பிசின் அரை மணி நேரத்தில் கறுத்துவிடும்; மூன்று சோப்புக்கும் போகாது. பறித்த இலைகளைக் கோணி ஊசியால் காம்பில் குத்தி, முதுகோடு முதுகு சேர்த்து இரண்டிரண்டாகக் கோப்பேன். முகத்தோடு முகம் சேர்த்தால் ஒட்டிக்கொண்டு அழுகும். கோத்த சரங்களைக் கொட்டகையில் கழிகளில் தொங்கவிட வேண்டும். முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில்தான் நடு நரம்பு காயும். நரம்பை மடக்கினால் வளையாமல் ஒடிந்தால் காய்ந்தது என்று பொருள். இதற்கு ஆறு வாரம் வரை ஆகும். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் பச்சை நிறம் அப்படியே நின்றுவிடும். அதைப் புகைத்தால் தொண்டை கிழியும்.

காய்ந்த இலையை நினைத்த நேரத்தில் தொடவும் முடியாது. அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். காற்றில் ஈரம் உள்ள ஒரு காலை நேரத்துக்காகக் காத்திருந்து, இலை தானாகத் துணி போலத் துவண்ட பிறகுதான் இறக்க வேண்டும். அதன் பிறகு அடுக்கி, கோணி போட்டு மூடி, உள்ளே சூடு ஏறும்போதெல்லாம் கையை விட்டுப் பார்த்து, மேலது கீழாகப் புரட்டி, மாதக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு நிபந்தனையில் சொல்லப்பட்ட "பதப்படுத்திய இலை" உண்டாகிறது. அதற்கு முன் இருப்பது, பெரும்பாலும், தண்ணீர்.

4. நான் இரண்டாம் பறிப்பை முடித்து, சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த அன்று காலை புதிய ஆய்வாளர் ஒரு பணியாளருடனும் தொங்கு தராசுடனும் வந்தார். முதல் பறிப்பின் இலைகள் அப்போதுதான் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. இரண்டாம் பறிப்பு முழுப் பச்சை. காம்பில் ஈரம் காயவில்லை. நான் மரியாதையாக, இலை இன்னும் காயவில்லை, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று சொன்னேன். "சோதனைக்கு எப்ப வரணும்னு நீங்க சொல்லக் கூடாதும்மா" என்றார். அது நியாயம்தான். நான் வழி விட்டு நின்றேன்.

சரங்களை ஒவ்வொன்றாக இறக்கி எடை போட்டார்கள். மொத்தம் அறுபத்து நான்கு கிலோ முந்நூறு கிராம். அனுமதி பத்து கிலோ. ஆய்வாளரின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் இன்றும் மறக்கவில்லை. பெரிய மீன் மாட்டிவிட்டது என்று நினைத்திருப்பார். சீட்டில் "இலை – 64 கி. 300" என்று எழுதினார். பச்சை இலை என்று சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டேன். படிவத்தை என் முன் நீட்டிக் காட்டினார். "இங்க பாருங்க, எடைன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. பச்சை எடை, காஞ்ச எடைன்னு ரெண்டு கட்டம் இருந்தா எழுத மாட்டேனா?" என்றார். என் கை முழுக்கக் கறுப்புப் பிசின். தாளைத் தொட முடியாது. அந்த நேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பிய என் கணவர், அனுமதிதாரர் என்ற முறையில் "மேற்கண்ட எடை சரி" என்பதன் கீழ்க் கையெழுத்துப் போட்டார். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவது அவர் குணம். எடை சரிதான் ஐயா. அதை நாங்கள் ஒருநாளும் மறுத்ததில்லை. எடை போட்ட பொருள்தான் வேறு.

5. அதிகப்படியான இலை வைத்திருந்ததாகச் சொல்லிக் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கதவுக்கு ஒன்று, இரண்டு சன்னல்களுக்கும் ஒவ்வொன்று. சன்னலையாவது திறந்து வையுங்கள், காற்று இல்லாமல் பூசணம் பிடிக்கும் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்த வயது வரை நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. நல்ல வேளையாகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்குச் சுற்றிலும் இடைவெளி விட்டு, எலி வராமல் இருக்கக் கம்பி வலை அடித்திருந்தேன். அதற்கு முத்திரை வைக்க அவர்களிடம் அரக்கு போதவில்லை. அந்த ஒரு சாண் காற்றில்தான் மேல் வரிசைகள் காய்ந்தன. கீழ் வரிசை பூசணம் பிடித்தது.

தோட்டத்திலும் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. மூன்றாம் பறிப்புக்கு நின்ற நுனி இலைகள்தான் ஒரு செடியின் உயிர். காரமும் மணமும் அதில்தான் இருக்கும். அவை என் சமையலறைச் சன்னலுக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், முற்றி, புள்ளி விழுந்து, செடியிலேயே கருகின. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். என் வயிற்றெரிச்சலை எடை போடத் தராசு இல்லை என்பதால் அதை இங்கே குறிப்பிடவில்லை.

6. நாற்பத்தோராம் நாள் அதே ஆய்வாளர் மறுபடியும் வந்தார். முத்திரைகளை உடைக்கும் முன் மூன்றையும் படம் எடுத்தார். "முத்திரைகள் சேதமின்றி இருந்தன, கம்பி வலை பழுதின்றி இருந்தது" என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார். இந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையால் கோடு போட்டு இணைத்திருக்கிறேன். தாங்கள் தயவுசெய்து அதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அன்று உச்சி வெயில். காற்று நெருப்பாக அடித்தது. இன்று தொடாதீர்கள், இலை தூளாகிவிடும், ஈரம் இறங்கும் ஒரு காலையில் வாருங்கள் என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்; அக்கம் பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்தார்கள். பணியாளர் சரத்தைப் பிடித்து இழுத்தார். பொலபொலவென்று கொட்டியது. கழியிலிருந்து தராசுக்குப் போவதற்குள் கைப்பிடி கைப்பிடியாக இலை தரையில் கிடந்தது. தரையில் கிடந்ததை எடை போடவில்லை. "தூள் இலை ஆகாது" என்றார் ஆய்வாளர். பூசணம் பிடித்ததையும் கழித்துவிட்டார். மிச்சம் ஆறு கிலோ நூறு கிராம்.

ஈரமாக இருந்தபோது எடை போட்டீர்கள்; காய்ந்து கிடந்தபோது கை வைத்தீர்கள். இரண்டில் ஒன்றையாவது முறைப்படி செய்திருக்கலாம். அந்தத் தூளை நான் முறத்தில் அள்ளும்போது என் கணவர் வாசலில் நின்று, "விடு, போனா போகுது" என்றார். போனால் போகட்டும் என்று விடுகிற ஆள் நான் இல்லை என்று அவருக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும்.

7. அதற்கு அடுத்த வாரம்தான் அறிவிப்பு வந்தது. முதல் எடையிலிருந்து இரண்டாம் எடையைக் கழித்து, "வேறுபாடான 58 கிலோ 200 கிராம் இலையை அனுமதிதாரர் மறைவாக அகற்றி வெளியில் விற்றதாகக் கருதப்படுகிறது" என்று எழுதியிருந்தார்கள். கழித்தலில் பிழை இல்லை. தங்கள் அலுவலகத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஐயா, இந்த ஐம்பத்தெட்டு கிலோ எந்த வழியாக வெளியே போயிற்று என்று கணக்குப் போட்டவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாரா? கதவுக்குத் தங்கள் முத்திரை. சன்னலுக்குத் தங்கள் முத்திரை. வலையில் எலிகூட நுழையவில்லை என்று தங்கள் எழுத்து. அப்படியும் வெளியே போயிற்று என்றால், முத்திரைக் கட்டையை வைத்திருப்பவர்தான் திறந்து எடுத்திருக்க வேண்டும். நான் ஆய்வாளர் மேல் பழி சொல்லவில்லை. அவர் திருடவில்லை என்று நானே சாட்சி சொல்லத் தயார். யாரும் திருடவில்லை. அது தண்ணீர். அது காற்றோடு போய்விட்டது.

8. விசாரணைக்கு அழைத்தபோது இதைத்தான் சொன்னேன். தங்கள் அலுவலகத்தின் முதல் மாடி, மின்விசிறி ஓடாத அறை. ஆய்வாளர் என் கணவரைப் பார்த்து, மீதி இலை எங்கே என்று கேட்டார். அவர் உண்மையைச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் வீட்டுல அவதான் பாக்குறா." அது பதிவேட்டில் "தகவலை மறைக்கிறார்" என்று ஏறியது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அம்பத்தெட்டு கிலோ காத்துல கரைஞ்சு போச்சுன்னு சொல்றீங்களா?" என்றார். "ஆமா சார், காத்துலதான் போச்சு" என்றேன். அது "அனுமதிதாரரின் மனைவி கேலியாகப் பதில் அளித்தார்" என்று ஏறியது. நான் கேலி செய்யவில்லை. கேலி செய்ய நினைத்திருந்தால் அந்த அறையில் அதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

நான் தையல் வேலை செய்பவள். தண்ணீரில் முக்காத துணியை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தால் முதல் சலவையில் சட்டை மார்புக்கு ஏறிவிடும் என்று தெரிந்துதான் கத்தரி எடுப்பேன். துவைத்த போர்வையைக் கொடிக்குத் தூக்கிப் போகும்போது இடுப்பு ஒடியும். மாலையில் அதையே ஒரு கையால் உருவி வரலாம். கொடியில் காய்ந்த போர்வையின் எடை எங்கே போயிற்று என்று இதுவரை எந்த அலுவலகமும் யார் மேலும் வழக்குப் போடவில்லை. தங்கள் ஊழியர்கள் வீட்டிலும் துணி காய்கிறது என்றே நம்புகிறேன்.

9. முன்பு கொடுத்த மனுக்களின் கதையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. இரண்டாம் மனு வந்து சேரவே இல்லை என்றார்கள். அவர்கள் கையெழுத்திட்ட ரசீதைக் காட்டியதும், வந்தது, ஆனால் கிடைக்கவில்லை என்றார்கள். மூன்றாம் மனுவை மனுப் பிரிவு எழுத்தர் படித்துப் பார்த்து, எடை சம்பந்தப்பட்டது என்பதால் எடை அளவுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து பத்து நாள் கழித்து ஒரு சான்று வந்தது. ஆய்வாளரின் தராசு சோதிக்கப்பட்டதாகவும், அது துல்லியமாக இருப்பதாகவும், தராசைப் பற்றிய என் ஐயம் ஆதாரமற்றது என்றும் அதில் எழுதியிருந்தது. தராசைப் பற்றி நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. தராசுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை.

அந்த எழுத்தர் நல்லவர் என்பதையும் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா இதை யார் எழுதித் தர்றது?" என்றார். அதுதான் முழு விஷயமும். தங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரிகிறது. எழுதித் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

10. இதுவரை எழுதியதெல்லாம் இலை போன கதை. இலை போனால் அடுத்த ஆண்டு நட்டுக்கொள்வேன். இனி எழுதுவதுதான் இந்த மனுவுக்குக் காரணம்.

அறிவிப்பின் அடியில், "தகவலுக்காக நகல்: அனுமதிதாரரின் பணியிடம்" என்று ஒரு வரி இருக்கிறது. இதை யார் சேர்த்தார், எந்த விதியின் கீழ்ச் சேர்த்தார் என்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நகல் பள்ளிக்குப் போயிற்று. புகையிலை கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளைகள் இருக்கும் வண்டியில் ஏற்ற முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தாளை மட்டும் படித்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். தற்காலிகமாக வேறு ஓட்டுநரை வைத்திருக்கிறார்கள். குற்றச்சாட்டு நீங்கியதாகத் தங்கள் அலுவலகக் கடிதம் வரும் திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அந்த ஓட்டுநரையே நிரந்தரமாக்கப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்று செவ்வாய். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் இப்போதும் விடியுமுன் எழுந்து, சவரம் செய்துகொண்டு, நீலச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்காருகிறார். வேன் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது பழைய ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமே கேட்கக்கூடிய ஒரு சத்தம் அதன் பின்சக்கரத்தில் இருக்கிறதாம். "பிரேக்கைப் பாக்கச் சொல்லணும்" என்று தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். சொல்லப் பள்ளி வாசலுக்குப் போக அவருக்குக் கூச்சம். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டுகிறார். கசங்காத அந்தச் சட்டையை நான் வாரத்துக்கு ஒரு முறை துவைத்துத் தேய்த்து வைக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. அழுகையைவிடக் கோபம் அதிகம் வருகிறது. பத்தாவது படிக்கும் என் மகளிடம் பள்ளியில் ஒரு பெண், "உங்கப்பா எவ்ளோ கிலோ வித்தாராம்?" என்று கேட்டிருக்கிறாள். மகள் வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும்.

அவர் புகைப்பதையும் நிறுத்திவிட்டார். இருபது ஆண்டு நான் கத்தி நடக்காத காரியம் தங்கள் ஒரு தாளில் நடந்துவிட்டது. அதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ. எனக்கு மனம் வரவில்லை. அவர் மனதார விட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் பயத்தில் விட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு செடி போட வேண்டாம், நமக்கு எதுக்கு வம்பு என்கிறார். அனுமதி வாங்கி, நிபந்தனைக்குக் குறைவாக நட்டு, வந்தவருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டவர் வம்பு என்று பயப்படும்படி செய்திருக்கிறீர்கள்.

11. ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். முதல் எடை பச்சை இலையின் எடை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். என் கணவர் மேல் உள்ள குற்றச்சாட்டை நீக்குங்கள். நீக்கியதைத் திங்கட்கிழமைக்கு முன், நகல் அனுப்பிய அதே சுறுசுறுப்போடு, பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். படிவத்தில் எடைக்கு இன்னொரு கட்டம் போடுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்காவது உதவும். பூசணம் பிடித்த இலைக்கும் தூளான இலைக்கும் நான் எதுவும் கேட்கவில்லை.

யார் மேலாவது வழக்கு இருந்தே ஆக வேண்டும் என்பது தங்கள் அலுவலக வழக்கமானால், அதை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நட்டது நான், பறித்தது நான், கோத்துத் தொங்கவிட்டது நான். தங்கள் மொழியில் சொன்னால், அந்த ஐம்பத்தெட்டு கிலோவைக் காற்றுக்குக் கொடுத்ததும் நானே. என் தையல் இயந்திரத்தின் முன் உட்காரக் கூடாது என்று என்னை யாரும் நிறுத்த முடியாது. அவரை வேனில் ஏற விடுங்கள்.

12. கடைசியாக ஒன்று. தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்ற உத்தரவை நான் மீறவில்லை. ஆனால் வேலியோரம் நின்ற ஒரு செடி பக்கத் தளிர் விட்டு, வேலிக்கு வெளியே தெருப்பக்கம் தலை நீட்டியிருக்கிறது. அதிலிருந்து இன்று காலை ஒரு இலை பறித்து இம்மனுவோடு இணைத்திருக்கிறேன். கடைத்தெரு நகைக்கடையில் நிறுத்து, கடைக்காரரிடம் சீட்டும் வாங்கியிருக்கிறேன். நாற்பத்தொரு கிராம். நகைத் தராசு; துல்லியமானது; எடை அளவுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இருக்காது.

அந்த இலையைத் தாங்கள் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். கோப்பின் மேல் அப்படியே கிடக்கட்டும். அறையைப் பூட்டிக்கொள்ளுங்கள், முத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அதை எடுத்து ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள். தங்கள் மேசையில், தங்கள் கண் முன்னால், அதில் பாதிகூட மிஞ்சியிருக்காது. அதைத் தாங்கள் விற்றிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கணவரும் விற்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த நீலச் சட்டையைத் தேய்த்து வைத்துக் காத்திருப்பேன்.

நாள்: பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: தையல் கடை

இப்படிக்கு,
(கையொப்பம்)
வேன் ஓட்டுநரின் மனைவி

இணைப்புகள்:
1. எடைச் சீட்டுகளின் நகல் – இரண்டு (முத்திரை பற்றிய வரியின் கீழ்ச் சிவப்புக் கோடு உள்ளது)
2. விளக்கம் கேட்கும் அறிவிப்பின் நகல் – ஒன்று
3. முந்தைய மனுக்களின் ரசீதுகள் – மூன்று
4. தராசு துல்லியமானது என்ற சான்று – ஒன்று (நான் கேட்காதது, திருப்பித் தருகிறேன்)
5. பள்ளி நிர்வாகத்தின் கடிதம் – ஒன்று
6. நகைக்கடை எடைச் சீட்டு – ஒன்று
7. பச்சைப் புகையிலை இலை – ஒன்று, இன்று காலை ஒன்பது மணிக்கு 41 கிராம்